வாய் கோணாத பாரிசவாதம்

பாரிசவாதம் என்றதும் யாழ்ப்பாணத்து மக்களின் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக் கையும் காலும் துவண்டு, வாய் ஒருபுறம் கோணி, நாக்குத் தடித்து, படுக்கையிற் கிடக்கும் மனிதரின் உருவம் அது. அத்தகைய நோயாளியைக் கண்டதும் வீட்டார் பதறுவர், அயலவர் கூடுவர், வாகனம் வரும். ஆனால், அதே நோய் வேறு வேடங்களிலும் வருவதுண்டு. கொண்டாவிலிலோ உரும்பிராயிலோ காலையில் தோட்டத்திற்குப் போன ஒருவர் வீடு திரும்பி, மனைவி கேட்ட கேள்விக்குச் சிறிதும் தொடர்பில்லாத சொற்களைத் தங்குதடையின்றிப் பேசுகிறார் எனக் கொள்க. கை இயங்குகிறது, கால் நடக்கிறது, வாய் கோணவில்லை. "வெயிலிலே நின்ற மனிதர், களைப்பாயிருக்கும்" என்பார் ஒருவர். "தவறணைப் பக்கம் போயிருப்பார்" என்பார் இன்னொருவர். கோயிலுக்குக் கூட்டிச்சென்று நூல் கட்டினால் என்ன என்று மூன்றாமவர் கேட்பார். இப்பேச்சு நடந்துகொண்டிருக்கும் வேளையிலேயே அம்மனிதரின் மூளையில் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கும்.

இதுவும் பாரிசவாதமே. மூளையின் பெரிய நாடி அடைபடாமல், அதிலிருந்து கிளைத்துச் செல்லும் நடுத்தரப் பருமனுள்ள நாடி ஒன்று அடைபட்டதனால் விளைந்த பாரிசவாதம். நாடி அடைப்பினால் உண்டாகும் பாரிசவாதங்களுள் நூற்றுக்கு 25 முதல் 40 வரையானவை இவ்வகையின என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆகவே, இஃது அரிதாகக் காணப்படும் விநோத நோயன்று. அரிதாக இனங்காணப்படும் நோய் என்பதே பொருந்தும்.

உடலின் அமைப்பைத் தமிழில் எடுத்துரைப்பது யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழ்மொழியிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழிலே வெளியிட்டார். அந்த மரபையொட்டி மூளையின் நாடிகளைச் சற்று நோக்கலாம். நாடி என்பது இங்கு இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய். கழுத்தின் முன்புறமாக இரண்டும், முள்ளந்தண்டு எலும்புகளினூடாக இரண்டுமாக நான்கு நாடிகள் தலைக்குள் ஏறுகின்றன. மூளையின் அடியில் அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகின்றன. ஆங்கிலேய வைத்தியர் தோமஸ் வில்லிஸ் 1664 இல் விளக்கிய அவ்வளையம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வளையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் முன், நடு, பின் என மூன்று மூளை நாடிகள் புறப்படுகின்றன. இங்கே ஒரு சொன்மயக்கத்தை நீக்குதல் நன்று. 'நடு மூளை நாடி' என்னும் பெயர் அது செல்லும் இடத்தைக் குறித்தது. அதன் அடிப்பகுதி பெரிய நாடிகளைச் சேர்ந்தது. 'நடுத்தர நாடி' என்பதோ பருமனைக் குறித்தது. ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள கிளைகளையே அச்சொல் குறிக்கும். நடு மூளை நாடியின் கிளைகளும், முன் நாடியும் பின் நாடியும் இவற்றுள் அடங்கும்.

செம்மண் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சிய அனுபவமுள்ளவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கிணற்றடியிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் அடைபட்டால் தோட்டம் முழுவதும் வாடும். வேலிக்கப்பால் நிற்பவனும் அதைக் காண்பான். கிளை வாய்க்காலில் ஒரு மண்கட்டி விழுந்தாலோ நாலைந்து பாத்திகள் மாத்திரமே காயும். உள்ளே இறங்கிப் பார்ப்பவனுக்கே அது தெரியும். ஆனால், காய்ந்த பாத்திகள் எவை என்பது முக்கியம். பேச்சு விளங்கும் இடம் காய்ந்துவிட்டால், மற்றைய பாத்திகளெல்லாம் செழித்திருந்தும் அம்மனிதர் தம் வீட்டிலேயே அந்நியராகிவிடுகிறார்.

எந்தக் கிளை அடைபட்டது என்பதைப் பொறுத்துக் குறிகள் மாறும். இடப்பக்கத்து நடு மூளை நாடியின் மேற்கிளை அடைபட்டால், நோயாளி சொல்வதறிந்தும் சொல்ல மாட்டாதவராகிறார். ஒவ்வொரு சொல்லும் மிகுந்த முயற்சியோடு வெளிவரும். அத்தகைய ஒருவரின் மூளையைப் பாரிஸ் நகரத்து வைத்தியர் போல் புரோக்கா 1861 இல் ஆராய்ந்து, பேச்சுக்குரிய இடத்தைச் சுட்டினார். கீழ்க்கிளை அடைபட்டால் நிலைமை நேர்மாறு. பேச்சு ஆறாகப் பெருகும், பொருள் இராது, பிறர் சொல்வதும் விளங்காது. ஜெர்மானியரான கார்ல் வேர்னிக்கே 1874 இல் விவரித்த இந்நிலையே மேலே கூறிய தோட்டக்காரருடையது. வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரும் சித்தப்பிரமை என்று தவறாகக் கருதப்படும் ஆபத்து இதற்கே மிகுதி.

முன் மூளை நாடி அடைபட்டால் மறுபக்கத்துக் கால் இழுபடும். கை பெரும்பாலும் தப்பிவிடும். சிலர் திடீரென்று எதிலும் நாட்டமற்றவராய், கேட்டாலன்றிப் பேசாதவராய், ஆடையிலேயே சிறுநீர் கழிப்பவராய் மாறுவர். "அம்மாவுக்கு வயது போய்விட்டது" என்று பிள்ளைகள் அமைதியடைவர். வயது ஒரே காலைப்பொழுதிற் போய்விடுவதில்லை என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பின் மூளை நாடி அடைபட்டால் கண்ணின் குற்றமெதுவுமின்றியே பார்வையில் ஒரு பாதி மறையும். அந்தப் பக்கத்துக் கதவுநிலையில் தோள் மோதும். சைக்கிளிற் போகும்போது அந்தப் பக்கத்து மதகு தெரியாது. இலையில் ஒரு பாதிச் சோறு அப்படியே கிடக்கும். இவர்களிற் பலர் முதலில் நாடிச் செல்வது மூக்குக்கண்ணாடிக் கடையை. இடப்பக்கத்துப் பின் நாடி அடைபட்ட சிலருக்கு நேரும் நிலை இன்னும் விந்தையானது. அவர்கள் எழுதுவர், எழுதியதைத் தாமே வாசிக்க இயலாதவராவர். பிரான்சிய வைத்தியர் ஜூல் டெஜெரின் 1892 இல் இதனை விளக்கினார். நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்திற் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் காலைப் பத்திரிகையை விரித்துவிட்டு எழுத்துக்கள் அந்நிய மொழியாய்த் தோன்றக் கண்டு திகைப்பதை எண்ணிப்பார்த்தால், இதனைச் 'சிறிய வாதம்' என்று சொல்ல மனம் வராது.

முகத்தைப் பார், கையைத் தூக்கச் சொல், பேச்சைக் கேள் என்னும் மூன்று சோதனைகள் இப்பொழுது பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன. நல்ல சோதனைகளே, பெரிய நாடி அடைப்பை அவை பெரும்பாலும் காட்டிவிடும். நடுத்தர நாடி அடைப்புக்கு அவை போதா. வீட்டிலேயே வேறு சிலவற்றையும் பார்க்கலாம். ஒரு முழு வசனத்தைத் திருப்பிச் சொல்லச் செய்தல், திறப்பு, செம்பு, கத்தரிக்கோல் முதலிய பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்டல், பத்திரிகைத் தலைப்பை வாசிக்கச் செய்தல், நேரே பார்க்கச் சொல்லி இரு பக்கமும் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுதல், நாலடி நடக்கவிடுதல். இவை இரண்டு நிமிட வேலை. இவற்றிலும் மேலான அறிகுறி, திடீர்த்தன்மை. நேற்றிருந்தவாறு இன்றில்லை, சற்றுமுன் இருந்தவாறு இப்பொழுதில்லை என்பதொன்றே வைத்தியசாலைக்குப் போகப் போதிய காரணம். சிறிது நேரத்திற் குறி தானாக நீங்கினும் போகத்தான் வேண்டும். அது பின்வரும் பெரிய தாக்குதலின் முன்னறிவிப்பாக இருத்தல் கூடும்.

குடாநாட்டின் இன்றைய குடும்ப வாழ்க்கையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க, முதிய பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பல. தந்தையின் பேச்சுக் குழம்பியிருப்பதை முதலில் அறிபவர், பல ஆயிரம் மைலுக்கப்பால் தொலைபேசியை வைத்திருக்கும் மகளாகவும் இருக்கலாம். அவர் "அப்பா, படுத்து ஓய்வெடுங்கோ" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாகாது. அயல்வீட்டாரை அக்கணமே எழுப்புதல் வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் தெளிவாகப் பேசினார் என்பதையும் அந்த மகளே வைத்தியருக்குச் சொல்லக்கூடியவர். சிகிச்சை முழுவதும் அந்த மணிக்கணக்கிலேதான் தங்கியிருக்கிறது. நித்திரையில் வந்த நோய்க்கு, விழித்த நேரத்தையன்றி, முந்திய இரவு நன்றாயிருந்த நேரத்தையே கணக்கிடுவர்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து வழக்கங்கள் சிலவற்றை நேர்பட மறுத்தல் அவசியமாகிறது. பரராசசேகரம், செகராசசேகரம் போன்ற மருத்துவ நூல்கள் தோன்றிய மண் இது; வாதத்திற்கு எண்ணெய் என்னும் எண்ணம் ஊறிப்போயிருப்பதில் வியப்பில்லை. ஆயினும், முதல் மணித்தியாலங்களில் எண்ணெய் தேய்க்கும் கைகள் எத்துணை அன்புடையனவாயினும் நேரத்தையே தேய்க்கின்றன. கசாயமோ சோடாவோ வாயில் ஊற்றுவது அதனினும் கொடிது. விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு அது சுவாசப்பையிற் சென்று சளிக்காய்ச்சலை உண்டாக்கும். நெஞ்சு நோவுக்குக் கொடுப்பதைப் போல் அஸ்பிரின் கொடுக்கலாமா என்று கேட்போர் உளர். கொடுக்கலாகாது. அடைப்பா, இரத்தப்பெருக்கா என்பது படம் எடுத்த பின்னரே தெரியவரும்.

செய்யத்தக்கது 1990 என்னும் இலக்கத்தை அழைத்தல். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய உதவியோடு நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, 2018 ஜூலையில் வட மாகாணத்திற்கு வந்தது. பருத்தித்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் யாழ்ப்பாண நகருக்கு ஒரு மணித்தியாலத்துள் வந்துவிடலாம். தீவகத்தார் நிலை வேறு. நெடுந்தீவில் ஒருவருக்கு வாதம் வந்தால், குறிகட்டுவான் இறங்குதுறைவரை கடற்பயணம், பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பயணம் என்று நேரம் கழியும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் திடமில்லை. அங்குள்ளவர்க்கு, பொறுத்துப் பார்ப்போம் என்று கழிக்கும் அரைமணி நேரம் நகரத்திலுள்ளவர்க்கு இருப்பதைவிட விலை கூடியது. எங்கிருந்து வரினும், மூளையைப் படம்பிடிக்கும் கருவியுள்ள வைத்தியசாலைக்கே நேராக வருதல் நன்று. குடாநாட்டில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அக்கருவியும் நரம்பியல் வைத்திய நிபுணரும் உண்டு.

வைத்தியசாலையில் முதலிற் செய்வது விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையின் அளவைப் பார்ப்பது. நீரிழிவுக்கு மருந்தெடுப்பவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் பாரிசவாதம் போலவே தோன்றும். குளுக்கோசு ஏற்றியதும் மறையும். அடுத்தது சி.ரி. படம். 1971 இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்த அக்கருவி, இரத்தப்பெருக்கை வெள்ளையாகக் காட்டிவிடும். அடைப்பை அவ்வளவு எளிதிற் காட்டாது. முதல் மணித்தியாலங்களில் படம் முழுதும் இயல்பாகத் தோன்றலாம். 'படத்தில் ஒன்றுமில்லையாம்' என்று உறவினர் ஆறுதலடைதல் இதனாலேயே தவறு. இரத்தப்பெருக்கு இல்லை என்பது மாத்திரமே அதன் பொருள்.

அடைப்பைக் காண, கையின் நாளத்தினூடாக அயடீன் கலந்த மருந்தை ஏற்றி நாடிகளை மறுபடி படமெடுக்க வேண்டும். பெரிய நாடி அடைபட்டிருந்தால் மரத்தின் அடிக்கிளையையே வெட்டியது போலத் தெரியும். நடுத்தர நாடியோ நுனிக்கிளை. நூற்றுக்கணக்கான கிளைகளுக்கிடையே ஒன்று பாதியில் நிற்பதை, அனுபவமுள்ள கண்ணும் முதற்பார்வையில் தவறவிடும். அதனால் சில வினாடி இடைவெளி விட்டு மும்முறை படமெடுப்பர். எந்தக் கிளையில் மருந்து பிந்தி வருகிறது, பிந்தித் தேங்குகிறது என்பது அப்பொழுது புலப்படும். இரத்தவோட்டம் குன்றிய பகுதியை நிறவேறுபாட்டாற் காட்டும் முறையும் உண்டு. எம்.ஆர்.ஐ. படம் இன்னும் நுட்பமாகக் காட்டும். ஆனால் அதற்கு நேரம் கூடச் செல்லும். எந்த இடத்தைத் தேடுவது என்பதை நோயாளியின் குறியே காட்டிக்கொடுக்கிறது. பார்வையின் வலப்பாதி மறைந்தவருக்கு இடப்பக்கத்துப் பின் நாடியை நோக்கு என்று சொல்லத் தெரிந்த வைத்தியர், கருவியின் பாதி வேலையைத் தாமே செய்துவிடுகிறார்.

இனிச் சிகிச்சை. கட்டியைக் கரைக்கும் மருந்தே முதன்மையானது. அல்ரெப்பிளேஸ் என்னும் மருந்து மூன்று மணித்தியாலத்துள் கொடுக்கப்பட்டாற் பயனுடையதென்பதை 1995 இல் அமெரிக்காவில் 624 நோயாளரிடம் செய்த ஆய்வு காட்டியது. 2008 இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. ரெனெக்ரெப்பிளேஸ் என்னும் பிந்திய மருந்தை ஒரே ஊசியாக ஏற்றிவிடலாம். இம்மருந்துகள் ஆபத்தற்றவையல்ல. 1995 ஆம் ஆண்டின் ஆய்வில் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு ஆறு பேர்வரை மூளையில் இரத்தப்பெருக்குக்கு ஆளாகி நிலைமை மோசமடைந்தனர். அவ்வாறிருந்தும் மொத்தத்தில் நன்மையே மிகுந்தது. நடுத்தர நாடியைப் பொறுத்தவரை ஒரு நற்செய்தியும் உண்டு. அங்குள்ள கட்டி சிறிது. பெரிய நாடியின் நீண்ட கட்டியைவிட மருந்துக்கு எளிதிற் கரையும். ஆனால், நோய் இலேசானது என்ற எண்ணத்தால் மருந்து கொடுக்கத் தயங்குதல் எங்கும் நிகழ்வது. நோயின் கடுமையை அளக்கும் புள்ளித்திட்டத்தில் கைகால் பலவீனத்திற்குப் புள்ளி அதிகம். வாசிக்க முடியாமைக்கும் பார்வைப் பாதி மறைவுக்கும் குறைவு. புள்ளியை மட்டும் நோக்காது, இந்த மனிதர் நாளைக்குத் தம் தொழிலுக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டறிதலே தக்கது.

அடுத்தது, தொடையின் நாடியினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி மூளைவரை கொண்டுசென்று, கட்டியைப் பிடித்து வெளியே இழுக்கும் முறை. பெரிய நாடி அடைப்பில் இதன் வெற்றி மறுக்கமுடியாதது. 2015 இல் வெளியான ஐந்து ஆய்வுகள் அதனை நிலைநாட்டின. அவற்றில் 1,287 நோயாளர் சேர்க்கப்பட்டிருந்தனர். பெரிய நாடிக்கு நல்லது நடுத்தர நாடிக்கும் நல்லதாகத்தானே இருக்கவேண்டும் என்று பலரும் கருதினர். கருவி செய்வோர் குழாய்களை மேலும் மெலிதாக்கினர். அந்த எண்ணத்தை 2025 இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் ஆட்டங்காண வைத்தன. கனடாவின் கல்கரி நகர ஆராய்ச்சியாளர் தலைமையில் நடந்தது ஒன்று. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தார் தலைமையில் நடந்தது மற்றது. இரண்டிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் சேர்க்கப்பட்டனர். கல்கரி ஆய்வில், குழாய்ச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 41.6 பேரும், அது பெறாது மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றோருள் 43.1 பேரும் மூன்று மாத முடிவில் நன்கு தேறியிருந்தனர். இறந்தோர் தொகையோ முன்னவருள் 13.3, பின்னவருள் 8.4. பாசல் ஆய்விலும் குழாய்ச் சிகிச்சையால் மேலதிக நன்மை காணப்படவில்லை. மெல்லிய நாடி வளைந்து வளைந்து செல்வது. அதன் சுவரும் மெலிது. இழுப்பில் அது காயமுறுகிறது. கட்டி வெளிவரும் வேளைக்குள் பாத்தி காய்ந்தும் விடுகிறது. சில வகை நோயாளருக்கு இம்முறை பயன்படுமா என்ற ஆராய்ச்சி ஓயவில்லை. எனினும், எல்லாருக்கும் செய்யத்தக்கதென்று இன்று சொல்வதற்கில்லை.

குடாநாட்டு மக்களுக்கு இம்முடிவு தனிப்பட்ட கருத்துடையது. பெருநகரங்களிலுள்ள கருவிகளை எண்ணி, கொழும்பில் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று ஏங்கும் குடும்பங்கள் பல. பெரிய நாடி அடைப்பில் அந்த ஏக்கத்திற்கு நியாயம் உண்டு. நடுத்தர நாடி அடைப்பிலோ, ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் வீதிக்கப்பாலுள்ள கருவியைவிட, அருகிலுள்ள வைத்தியசாலையில் உரிய நேரத்தில் ஏற்றப்படும் மருந்தே பெரிது. இந்நோயில் குடாநாட்டார் இழப்பவற்றிற் பெரும்பகுதி, நோய் வந்த வீட்டிற்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இடையிலேயே இழக்கப்படுகிறது.

மருந்து ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. பாரிசவாத நோயாளரைத் தனிப் பகுதியில் வைத்துப் பராமரித்தால் இறப்பும் ஊனமும் குறையும் என்பது பல ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அங்கே பயன்படுவது பெரிய கருவியன்று. விழுங்குதலைச் சோதித்த பின்னரே நீர் கொடுக்கும் தாதி, வேளையோடு எழுப்பி நடக்கவைக்கும் இயன்மருத்துவர், சொல்லைச் சொல்லாகத் திருப்பிக் கற்பிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் பணி அது. பேச்சிழந்தவரோடு வீட்டார் உரத்துப் பேசுதல் எங்கும் காணும் பிழை. அவருக்குக் காது கேட்கிறது. சிறு வசனமாக, ஆறுதலாக, முகம் பார்த்துப் பேசுதல் வேண்டும். பழைய பாட்டொன்றைத் தொடங்கினால் பேச முடியாதவரும் சேர்ந்து பாடுவதைச் சிலரிடம் காணலாம்.

கட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் தேடியாக வேண்டும். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சுருட்டு இவற்றால் கழுத்து நாடியில் படிந்த கொழுப்பு உடைந்து வரலாம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் நாள்தோறும் சேரும் இலையில் உப்பின் அளவை யாரும் கணக்கிடுவதில்லை. நடுத்தர நாடிகளை அடைக்கும் கட்டிகளிற் கணிசமானவை இருதயத்திலிருந்து வருபவை. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடித்துக்கொண்டிருந்தால், உள்ளே இரத்தம் தேங்கி உறைந்து, துண்டாகப் புறப்பட்டு மூளைக்குச் செல்லும். இளவயதில் வாதக்காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதுற்றவர்க்கும் முதியோர்க்கும் இது மிகுதி. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால், தாளம் தப்பித் தப்பி ஓடும் நாடியாக இதனை அறியலாம், ஐயத்தை ஈ.சி.ஜி. தீர்த்துவிடும்.

அவ்வாறு கண்டவர்க்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து நீண்டகாலத்திற்குத் தேவைப்படும். வாபரின் எடுப்பவர்கள் இரத்தம் உறையும் வேகத்தைக் காலத்துக்குக் காலம் சோதிப்பித்து, பொதுவாக 2 க்கும் 3 க்கும் இடையில் வைத்திருத்தல் வேண்டும். சில செயற்கை வால்வு உடையோர்க்கு அளவு சற்று உயரும். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் உண்ணலாகாது என்று அவர்களுக்குச் சொல்லப்படுவது சரியன்று. ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, மறு வாரம் முற்றாக விடுவதே மருந்தின் அளவைக் குழப்பும். வழக்கமாக உண்ணும் அளவை வழக்கமாக உண்டுவந்தால், மருந்தின் அளவை வைத்தியர் அதற்கேற்பத் திருத்திக்கொள்வார்.